லாரியோடு போகிற ஆள்

போன மாதம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிப் போனவர்கள் சரக்குப் பிரிவில் என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள். ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் பொழுது போகாது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. ராணுவத்தின் பெரிய சரக்கு விமானம் ஒன்று வந்து நின்றிருந்தது. அதன் பின்பக்கம் அப்படியே திறந்து தரையைத் தொட்டது. ஒரு கனரக லாரி தன் எஞ்சினிலேயே உறுமிக்கொண்டு உள்ளே ஏறிப் போனது. நாலு பேர் சங்கிலி மாட்டி இறுக்கினார்கள். டிரைவர் இறங்கிக் கண்டீன் பக்கம் நடந்துவிட்டான். வேலை முடிந்தது.

"அங்கிள், உங்க காலத்துல மூட்டதான தூக்கியிருப்பீங்க? லாரியெல்லாம் ஏது?" என்றான் ஒருவன்.

"லாரியும் ஏத்தியிருக்கோம். ஜப்பான்காரன் காலத்துல" என்றேன்.

"கதை வுடாதீங்கலா அங்கிள். அப்ப இருந்த பிளேன்ல லாரி எப்படிப் போகும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. அதனால் எழுதுகிறேன். நடந்ததை ஆறிய மனதோடு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. கசப்பாக இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சண்டைக்கு முன்னால் நான் டத்தோ கிராமட் சாலையில் ஒரு மோட்டார் பட்டறையில் தொழில் பழகினேன். நட்டு கழற்றப் பழகியதும், அடி வாங்கியதும், பிறகு கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியதும் எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். என் அண்ணன் வேலாயுதம் வெல்ட் கீ துறைமுகத்தில் தொங்காங் படகுகளில் சரக்குக் கட்டுகிறவர். கப்பலிலிருந்து இறங்குகிற இயந்திரங்களைப் படகில் வைத்து அசையாமல் கட்டுவது அவர் வேலை. ஜப்பான்காரன் குண்டு போட்டான். வெள்ளைக்காரன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூட்டை கட்டினான். அவன் விட்டுப்போன லாரிகள் தெருத்தெருவாக நின்றன. துறைமுகம் செத்துப்போனது. அண்ணன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். காட்டுக்குள் ரயில் பாதை போடத் தமிழ் ஆட்கள் வேண்டுமாம். சந்தையில் நின்றவனை, கோயில் வாசலில் நின்றவனை லாரியில் ஏற்றினார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று இந்த ஊரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேட்டுப் பார்க்கலாம். என்னையும் பிராங்கின் ரோட்டில் பிடித்தார்கள். ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் தெரு ஓரத்தில் குந்தியிருந்தார்கள். அப்போது வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே ஜப்பான் சிப்பாயிடம் வந்து குனிந்து வணங்கினார். என் கையைத் தூக்கிக் காட்டினார். நகத்தில் கிரீஸ் இருந்தது.

"என்ர பட்டறை ஆள். முதல் தரமான பிட்டர். இவனை மாதிரி ஒருத்தன் பினாங்கிலேயே இல்லை" என்று ஜப்பான் மொழியில் சொன்னாராம். அதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். அதற்கு முன்னால் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது.

அவர்தான் போர்மன் அம்பலவாணர். வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கப் பட்டறையில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரன் அந்தப் பட்டறையை ராணுவ லாரிப் பட்டறையாக மாற்றியபோது, மூன்று மாதத்தில் அவன் பாஷையைக் கற்றுக்கொண்டு போர்மன் ஆகிவிட்டார். மேலதிகாரி யார் வந்தாலும் தன் ஆட்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுவது அவர் வழக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வழக்கத்தால்தான் பலருக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு அதிகாரியின் வாயிலிருந்து வருகிற நல்ல வார்த்தைதான் அந்தக் காலத்து உத்தியோகத்தில் எல்லாம். ஜப்பான்காரன் காலத்தில் அதே வார்த்தையால் கையில் கட்டுகிற ராணுவப் பட்டை கிடைத்தது. பட்டை இருந்தால் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள், கொஞ்சம் அரிசியும் உண்டு. நான் கெஞ்சிக் கேட்டதும் அண்ணனையும் சேர்த்துக்கொண்டார். "இவன் கட்டினால் மலையும் அசையாது" என்று அறிமுகப்படுத்தினார். அப்படி நாற்பது பேரை அந்த மனிதர் சயாமிலிருந்து காப்பாற்றியிருப்பார். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நான் அயோக்கியன்.

ஜப்பான்காரன் ஆட்சியின் பிற்பகுதியில் கடலில் கப்பல் ஓட முடியாமல் போனது. ரயில் பாதையிலும் குண்டு விழுந்தது. பர்மாவில் இருந்த அவர்கள் படைக்கு லாரி வேண்டும். விமானத்தில் அனுப்பு என்று உத்தரவு வந்தது. அதற்கென்று ஒரு சார்ஜண்ட் வந்தான். அவர் என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும். கையில் எப்போதும் ஒரு சின்ன மரச் சுத்தியல் வைத்திருப்பான். நாங்கள் அவனுக்குக் கொட்டாப்புளி என்று பெயர் வைத்தோம்.

அன்றைய விமானத்துக்கு இப்போது இருப்பது போலப் பின்கதவு கிடையாது. பக்கவாட்டில் ஒரு கதவு, அதுவும் ஒரு பீரோ நுழைகிற அளவு. வால் தரையில் உட்கார்ந்திருப்பதால் உள்ளே தளம் மேடாகச் சரிந்திருக்கும். இதற்குள் லாரி போக வேண்டும் என்றால் லாரி லாரியாக இருக்கக் கூடாது. முதலில் பெட்ரோலை வடித்து, டாங்கியைத் துணி விட்டுத் துடைத்து, வாடை போகும் வரை வெயிலில் திறந்து வைப்போம். பாட்டரியைக் கழற்றித் திராவகத்தைத் தனி ஜாடியில் ஊற்றுவோம். டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும், மேலே போகப் போக அது தானாக உப்பும். எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள் எல்லாம் தனித்தனியாக வரும். கடைசியில் லாரியின் அடிச்சட்டத்தையே குறுக்கே அறுப்போம். அறுப்பதற்கு முன்னால், மறுபடி தகடு வைத்துப் போல்ட் போட்டு இணைப்பதற்கான ஓட்டைகளைத் துளைத்துவிட வேண்டும். ஓட்டை நூல் அளவு தப்பினாலும் அங்கே போய்ச் சட்டம் சேராது.

பிறகு எடை. அரிசிக் கிடங்கிலிருந்து ஒரு பெரிய மேடைத் தராசைத் தூக்கி வந்திருந்தார்கள். அரிசி நிறுத்த தராசு என்பதால் அதில் பிக்குல், காட்டிக் கணக்குதான் இருந்தது. நூறு காட்டி ஒரு பிக்குல், சுமார் அறுபது கிலோ. கொட்டாப்புளி அதைக் கிலோவாக்கி ஒவ்வொரு துண்டின் மேலும் சாக்பீஸால் எழுதுவான். விமானத்துக்குள் தளத்திலும் கோடு போடுவான். கனமான எஞ்சின் இறக்கைக்கு நேராக, அச்சுகள் அதற்கு முன்னும் பின்னும், சட்டம் ஓரமாக. வால் பக்கம் கனம் கூடினால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் விழும் என்று கையை வைத்துக் காட்டுவான்.

கட்டுகிற வேலை அண்ணனுடையது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்பக்கம் இழுக்கிற கயிறு, பின்பக்கம் இழுக்கிற கயிறு, மேலே அமுக்குகிற கயிறு. கட்டி முடித்ததும் கொட்டாப்புளி வந்து ஒவ்வொரு கயிற்றையும் அந்த மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பான். சத்தம் பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டான். மற்ற ஜப்பான்காரர்கள் எடுத்ததற்கெல்லாம் கன்னத்தில் அறைவார்கள், இவன் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. முடிச்சை அவனே அவிழ்த்துவிட்டுக் கைகட்டி நிற்பான். நாங்கள் மறுபடி கட்டும் வரை நகர மாட்டான். அறைந்தால் கூடத் தேவலை என்று தோன்றும். வேலையில் இவ்வளவு நேர்த்தியான மனிதனை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அந்த நேர்த்தி எதற்குப் பயன்பட்டது என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவன் வைத்த விதி ஒன்று இருந்தது. கட்டியவனே லாரியோடு விமானத்தில் போக வேண்டும். அங்கே இறங்கி, கட்டவிழ்த்து, லாரியை மறுபடி பூட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டும். தன் உயிரும் உள்ளே இருக்கிறது என்றால் எவனும் ஒழுங்காகக் கட்டுவான் என்பது அவன் கணக்கு. அந்த ஆளுக்குப் பட்டறையில் 'கூடப் போகிற ஆள்' என்றே பெயர்.

ஆரம்பத்தில் அதற்குப் போட்டி இருந்தது என்றால் நம்புவீர்களா? கூடப் போகிற ஆளுக்கு அரிசி அதிகம், மீன் டின் ஒன்றும் கிடைக்கும். அண்ணன் இரண்டு முறை போய் வந்தார். முதல் முறை வந்தபோது பர்மாக் கைலி ஒன்றை அண்ணிக்குக் கொண்டு வந்தார். "மேகத்துக்குள்ள போறப்ப காதடைச்சிரும்டா. ஆனா கவுறு ஒண்ணு அசையல" என்று வீட்டில் எல்லாருக்கும் சொன்னார். அதற்குப் பிறகு வானத்தில் வெள்ளைக்காரனின் விமானங்கள் அதிகமாகிவிட்டன. மாரிமுத்து என்று ஒருவர் போனார், வரவில்லை. அவர் போன விமானமும் வரவில்லை. அதோடு மீன் டின்னுக்கு ஆசைப்பட ஆள் இல்லாமல் போனது. அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார். "இனிமே பேரு குடுக்காதீங்க" என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பெயர் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் கையிலா இருந்தது?

ஒரு நாள் காலையில் பாயான் லெப்பாஸுக்கு ஒரே ஒரு விமானம் வந்தது. அதில் வாள் தொங்க ஒரு பெரிய அதிகாரி இறங்கினார். முன்னால் கம்பிக்கயிறு சுற்றிய இழுவைச் சக்கரம் வைத்த ஆறு சக்கர லாரி ஒன்று அவருக்கு வேண்டும், இன்றே வேண்டும். அந்த லாரியை நாங்கள் அக்கு அக்காகக் கழற்றித் தயாராகத்தான் வைத்திருந்தோம், ஆனால் இரண்டு விமானங்களுக்கு என்று. கொட்டாப்புளி துண்டுகளின் மேல் எழுதியிருந்த கணக்கை அதிகாரிக்குக் காட்டினான். அதிகாரி குனிந்து பார்க்கக்கூட இல்லை. ஒரே விமானம் என்றார். கொட்டாப்புளி சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு குனிந்து வணங்கிவிட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

லாரியிலிருந்து எதையெல்லாம் கழிக்கலாமோ அதையெல்லாம் கழித்தோம். கதவுகள் போயின. மட்கார்டு, பானட், பின்பலகைகள், சீட்டு, ஒரு பக்கத்து விளக்கு. ஒவ்வொன்றைக் கழித்ததும் கொட்டாப்புளி கணக்குப் போடுவான், விமானியைப் பார்ப்பான். விமானி மீசைகூட முளைக்காத சின்ன வயதுக்காரன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் இன்னும் ஒரு பிக்குலுக்குக் கொஞ்சம் மேல் குறைய வேண்டும் என்று நின்றது. மிச்சம் இருந்தது மூன்றுதான். ஸ்பானரும் சுத்தியலும் இருக்கிற ஆயுதப்பெட்டி, ஸ்பேர் டயர், கூடப் போகிற ஆள். ஆயுதம் இல்லாமல் லாரியைப் பூட்ட முடியாது. ஆகவே டயரா, ஆளா என்று வந்தது.

எல்லாத் துண்டையும் கட்டியவர் அண்ணன். ஆகவே ஆள் அவர்தான்.

கொட்டாப்புளி அவரைத் தராசில் ஏறச் சொன்னான். அண்ணன் துணிமூட்டையோடு ஏறினார். மூட்டையைக் கீழே வைக்கச் சொன்னான். அரிசி மூட்டை வைக்கிற இடத்தில் என் அண்ணன் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார். மூன்று வருடமாக மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பு, ஒரு காலத்தில் இரும்புத் தூணைத் தோளில் வாங்கிய உடம்பு, ஒரு பிக்குலைத் தாண்டிச் சில காட்டிதான் இருந்தது. அடுத்து டயரை உருட்டி ஏற்றினார்கள். டயர் அண்ணனைவிடக் கொஞ்சம் கனம். கொட்டாப்புளி இரண்டையும் அதிகாரியிடம் சொன்னான். அங்கே பாதை மோசம், ஸ்பேர் டயர் இல்லாத லாரி பாதியில் நின்றுவிடும், பூட்டுவதற்கு அங்கேயே யாராவது இருப்பார்கள், ஆளைக் குறைத்துவிட்டு இன்னும் ஏதாவது சில்லறை சாமானைக் கழிக்கலாம் என்பது அவன் அபிப்பிராயம். அந்த அளவு ஜப்பான் பாஷை எனக்குப் புரியும். தூக்கு, கட்டு, எடை, ஆள், டயர் என்ற சொற்களில்தான் எங்கள் பகல் முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி டயரைக் காட்டினார். டயர் போகட்டும், ஆள் வேண்டாம் என்று அர்த்தம்.

அண்ணன் ஒரு டயருக்குத் தோற்றார். அப்படித் தோற்றதற்கு நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் என்று எழுத முடியாது. முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அண்ணனும் புரிந்துகொண்டார். மூட்டையை எடுத்துக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தார். பத்தடி தூரம்தான் இருக்கும்.

அப்போது போர்மன் அம்பலவாணர் முன்னால் வந்து வணங்கிவிட்டுப் பேசினார். டயர் எங்கேயும் கிடைக்கும். இவனைப் போல ஒரு ஆள் கிடைக்க மாட்டான். இவன் போனால்தான் லாரி லாரியாகும். அவ்வளவுதான் சொன்னார். வழக்கமாகச் சொல்லுகிற அதே குரல், அதே குனிவு.

அதிகாரி முதல் தடவையாக அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். டயரை இறக்கி ஓரமாக உருட்டிவிட்டார்கள்.

அண்ணனுக்கு என் அளவு பாஷை தெரியாது. "என்னடா சொன்னாரு?" என்று கேட்டார்.

"உன்னப்போல ஆள் கிடைக்க மாட்டான்னு சொல்றாருண்ணே" என்றேன்.

அண்ணன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. நான் பொய் சொல்லவில்லை. பயம் இருந்தது, ஆனால் அதற்கு மேலே ஒரு பெருமை வந்தது. துறைமுகத்தில் இருபது வருடம் கட்டியவரை ஒரு கங்காணிகூட நல்லா கட்டியிருக்கே என்று சொன்னதில்லை. அந்தப் பெருமைதான் என்னை இன்றுவரை எரிக்கிறது.

"அண்ணிகிட்ட ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு சொல்லு. நானாப் பேரு குடுக்கலன்னும் சொல்லு" என்றார். போர்மனைப் பார்த்து, "வரேங்கய்யா" என்று கும்பிட்டார். போர்மன் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். கொட்டாப்புளி உள்ளே ஏறி ஒவ்வொரு கயிற்றையும் தட்டிப் பார்த்தான். ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை. விமானம் ஓடுபாதையின் கடைசி வரை ஓடி, தென்னை மரங்களை உரசுகிற மாதிரி எழும்பி, வடக்கே திரும்பியது.

அது பர்மா வரை போகவில்லை. கடல் தாண்டி, கெடாவில் ஒரு மலைச்சரிவில் மேகத்துக்குள் மோதியதாகச் சேதி வந்தது. எடை தாங்காமல் உயரம் ஏற முடியவில்லையா, விமானிக்கு வழி தெரியவில்லையா, யாருக்குத் தெரியும்? கொட்டாப்புளி இரண்டு சிப்பாய்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பட்டறையில் எல்லாரையும் நிறுத்திவிட்டு, என்னை மட்டும் முன்னால் கூப்பிட்டான். போர்மன் மொழிபெயர்த்தார்.

"உம்மட அண்ணன் கட்டின கயிறு ஒண்டும் அவிழேல்லையாம். எஞ்சின் வைச்ச இடத்திலயே இருந்ததாம். உமக்குச் சொல்லச் சொல்லுறார்."

சொல்லி முடிந்ததும் கொட்டாப்புளி என்னைப் பார்த்துத் தலை குனிந்தான். ஒரு ஜப்பான்காரன் என்னைப் போன்ற கூலிக்குத் தலை குனிந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் என்னவோ பெரிய மரியாதை நடந்துவிட்ட மாதிரி நின்றார்கள். நான் அண்ணன் உடம்பு எங்கே என்று கேட்டேன். அதைப் போர்மன் மொழிபெயர்க்கவில்லை. என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

அந்த டயர் பட்டறை மூலையில் கிடந்தது. ஒரு வாரம் கழித்து வேறொரு லாரிக்கு அதை மாட்டச் சொன்னார்கள். நான்தான் மாட்டினேன்.

அண்ணியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அழுது ஓய்ந்த பிறகு அவர் ஒன்றுதான் கேட்டார்: "போர்மன் பேசாம நின்னிருந்தா எங்கூட்டுக்காரரு வந்திருப்பாரு, அப்படித்தான?" அப்படித்தான் என்றேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளை பிறந்தது, பையன். தாய்ப்பால் போதவில்லை, கிழங்குக் கஞ்சியை வடிகட்டி ஊட்டினோம். நான் அதே பட்டறைக்கு, அதே போர்மனுக்கு, தினமும் காலையில் வணக்கம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன். போகாவிட்டால் பட்டை போகும். பட்டை போனால் சயாம்.

ஜப்பான்காரன் சரணடைந்தான். வெள்ளைக்காரன் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். போர்மன் அம்பலவாணரும் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பற்றி விசாரணை என்று கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று சொல்ல நாற்பது குடும்பங்கள் வரிசையில் நின்றன. அது பொய்யும் இல்லை. எங்களுக்குத்தான் வழியில்லை. பட்டறையில் ஜப்பான்காரன் காலத்தில் சேர்த்த ஆட்களைக் கலைத்துவிட்டார்கள். வீட்டில் அம்மா, அண்ணி, குழந்தை. நான் ஊரெல்லாம் வேலை கேட்டு அலைந்தேன். பாயான் லெப்பாஸில் வெள்ளைக்காரன் விமானங்களுக்குச் சரக்கு ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்க் கேட்டேன். தெரிந்த அதிகாரி யாராவது சொல்ல வேண்டும் என்றார்கள்.

"போர்மன்கிட்ட போய்க் கேளு" என்றார் அண்ணி.

"அந்தாளுகிட்டயா? நீங்களா அண்ணி சொல்றீங்க?"

"ஆமா, நான்தான் சொல்றேன். அவரு வாயாலதான் நம்ம சோறு போச்சு. அவரு வாயாலயே வரட்டும். போய்க் கேளு, சுப்பையா."

போனேன். அவர் வீட்டு வாசலில் வைத்து, இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். "ஐயா, டயருன்னு சொல்லிட்டாங்க. எங்கண்ணன் இறங்கி நடந்து வந்துட்டாரு. நீங்க ஏன்யா பேசினீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் எனக்கு நினைவிருந்ததைவிடக் கிழடாகியிருந்தது.

"தம்பி, உம்மட அண்ணனைப் பற்றி நான் நல்லதுதானே சொன்னனான்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பேசினார். "ஒரு டயரை விட ஆள் தேவையில்லை எண்டு அண்டைக்கு அந்த அதிகாரிக்கு விளங்கியிருந்தா, அடுத்த நாள் உங்கள் நாற்பது பேரையும் சயாமுக்கு ஏத்தியிருப்பான். ஆள் வேணும், என்ர ஆக்கள் வேணும் எண்டு நான் சொல்லிக்கொண்டே இருக்க வேணும். அண்டைக்கு மட்டும் வாயை மூட எனக்குத் தெரியேல்லை."

அது உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, பிறகு இரவெல்லாம் படுத்து யோசித்து இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. உண்மை என்றால், நான் இத்தனை வருடம் உயிரோடு இருந்து இதை எழுதுவதே அண்ணன் அந்த விமானத்தில் ஏறியதால்தான் என்றாகும். அவரை வெறுக்கவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் ஒரு மனிதன் எவ்வளவு காலம் இருக்க முடியும் என்று கேட்டால், என்னைக் காட்டலாம்.

"எனக்கு வேல வேணும்யா" என்றேன்.

உடனே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பாயான் லெப்பாஸில் வெள்ளைக்கார அதிகாரியின் மேசைக்கு முன்னால் என்னை நிறுத்தி, என் தோளில் கை வைத்து, ஆங்கிலத்தில் என்னைப் பற்றிப் பேசினார். நிறையப் பேசினார். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நாளைக்கு வா என்றார். வெளியே வந்ததும் போர்மனுக்கு நான் "தேங்க் யூ, சேர்" என்றேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நான் பார்த்த வேலை அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னா சொன்னாரு ஒன்னயப் பத்தி?"

"நல்லதாத்தான் சொன்னாரு அண்ணி."

அண்ணி அடுத்த கவளத்தை உருட்டிப் பையன் வாயில் வைத்தார்.